இரண்டு மார்க் கேள்வி

(முன்னாள் மாணவர் சங்கச் சந்திப்பில் ஆற்றிய உரை. பேசியபடியே, ஒன்றிரண்டு இடங்களில் மட்டும் திருத்தி எழுதித் தரப்பட்டது.)



சங்கச் செயலாளர் அண்ணன் எனக்குத் தொலைபேசியில் பேசியபோது, "நீ மெட்டலர்ஜி பற்றிப் பேசு" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் வகுப்புத் தோழர்கள் இங்கே முன்வரிசையில் இருக்கிறார்கள், அவர்களும் இப்போது சிரிக்கிறார்கள் பாருங்கள். காரணம் உண்டு. 2007ல் இந்தக் கல்லூரியில் மெக்கானிக்கலில் சேர்ந்து, இரண்டாம் ஆண்டில் 'பொறியியல் பொருட்களும் உலோகவியலும்' என்ற பாடத்தில் அரியர் வைத்தவன் நான். முதல் முறை முப்பத்தெட்டு. இரண்டாம் முறை ஐம்பத்து நாலு. அந்த ஐம்பத்து நாலு மதிப்பெண்ணை வைத்துக்கொண்டுதான் இன்று மேடையேறியிருக்கிறேன்.

இந்தப் பாடத்தைப் பேசச் சொன்னால் எல்லோரும் கொடுமணலில் தொடங்குவார்கள். ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இரும்பு உருக்கிய உலைகளின் தடயம் கிடைத்ததும், நம் பக்கத்து உருக்கை எடுத்து வைத்துக்கொண்டு லண்டனில் மைக்கேல் ஃபாரடே 1820 வாக்கில் மண்டையை உடைத்துக்கொண்டதும் உண்மைதான். அதைச் சொல்லிக் கைதட்டல் வாங்கிக்கொண்டு இறங்கிவிடலாம். ஆனால் இன்று நான் சொல்ல வந்தது வேறு. ஒரு போல்ட்டைப் பற்றி.

அதற்கு முன்னால் கொஞ்சம் வகுப்பறைக்குப் போகணும்.

எங்களுக்கு இந்தப் பாடம் எடுத்த சாருக்கு நாங்கள் வைத்த பெயர் 'மார்ட்டன்சைட்'. மார்ட்டன்சைட் என்றால் எஃகின் மிகக் கெட்டியான நிலை. சாரும் அப்படித்தான், வளைய மாட்டார். (அவர் ஓய்வு பெற்றுவிட்டார். இந்தப் பெயர் அவருக்குத் தெரியாது என்று நாங்கள் நினைத்திருந்தோம். தெரியுமாம்.)

அவர் முதல் வகுப்பிலேயே போர்டில் எதையும் எழுதவில்லை. ஒரு சாதாரண ஹேக்சா பிளேடைக் கொண்டுவந்தார். கார்பன் ஸ்டீல் பிளேடு; எச்.எஸ்.எஸ். பிளேடில் இந்த வித்தை இவ்வளவு சுலபமாக நடக்காது. துண்டு துண்டாக ஒடித்தார். ஒரு துண்டைக் கேஸ் அடுப்பில் செக்கச்செவேல் என்று காய்ச்சிச் சாம்பலில் புதைத்து மெதுவாக ஆறவிட்டார். இன்னொன்றை அதே மாதிரி காய்ச்சித் தண்ணீரில் சொருகினார். 'சுர்ர்' என்றது. சாம்பலில் ஆறியதை எடுத்துக் கட்டுக்கம்பி மாதிரி இரண்டாக மடக்கினார். தண்ணீரில் போட்டதை விரலால் அழுத்தினார். அப்பளம் மாதிரி 'படக்'கென்று போயிற்று. "ஒரே பிளேடு, ஒரே கார்பன். என்னய்யா வித்தியாசம்?" என்று கேட்டார். நாங்கள் பேசாமல் இருந்தோம். "நேரம்" என்றார்.

நான் அதை ஒரு மேஜிக் ஷோ மாதிரி பார்த்தேன். நோட்டில் ஒன்றும் எழுதவில்லை, ஏனென்றால் பரீட்சைக்கு வராது என்று சீனியர்கள் சொல்லியிருந்தார்கள்.

பரீட்சைக்கு வருவது எது? இரும்பு–கார்பன் படம். அதை எப்படிப் படித்தேன் தெரியுமா? மாமல்லபுரம் போகிற வழி மாதிரி மனப்பாடம் செய்தேன். 727 டிகிரியில் ஒரு கோடு, 1147ல் ஒரு கோடு, 0.8ல் ஒரு புள்ளி, 4.3ல் ஒரு புள்ளி, வலது கோடியில் 6.67. கண்ணை மூடிக்கொண்டு வரைவேன். ஆனால் முதல் முறை பரீட்சையில் அந்தப் படத்திலேயே 'மார்ட்டன்சைட்' என்று ஒரு பகுதியைக் குறித்துவிட்டு வந்தேன். சார் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்: "ஏம்ப்பா, மெட்ராஸ் மேப்பில் மணி எத்தனைன்னு தேடுவியா?"

அதன் அர்த்தம் எனக்கு அரியர் படிக்கும்போதுதான் புரிந்தது. இரும்பு–கார்பன் படம் பொறுமையான படம். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள், கடைசியில் என்ன நிலைக்கு வருவாய் என்று மட்டும்தான் அது சொல்லும். அதில் கடிகாரம் கிடையாது. அவசரத்தில் பிறக்கிற மார்ட்டன்சைட்டுக்கு அதில் இடம் இல்லை. கடிகாரத்தையும் சேர்த்து வரைந்த படம் 1930ல்தான் வந்தது. டாவன்போர்ட், பெய்ன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் வரைந்தது. பெய்ன் பெயரால்தான் 'பெய்னைட்'.

அவசரம் என்ன செய்கிறது? சார் டவுன் பஸ் உதாரணம் சொல்வார். காய்ந்த நிலையில், அதாவது ஆஸ்டினைட் நிலையில், இரும்பு அணுக்களுக்கு நடுவில் கார்பன் உட்காரக் கொஞ்சம் விசாலமான இடம் இருக்கிறது. ஆறும்போது இரும்பு தன் வரிசையை மாற்றிக்கொள்கிறது. அந்த வரிசையில் கார்பனுக்கு அநேகமாக இடமே இல்லை. மெதுவாக ஆறினால் கார்பன் எல்லாம் இறங்கித் தனியாகச் சேர்ந்துகொள்ளும். நுண்ணோக்கியில் அடுக்கடுக்காக, முத்துச்சிப்பியின் உட்புறம் போல மின்னும், அதனால்தான் 'பியர்லைட்'. தண்ணீரில் சொருகினால் இறங்க நேரமில்லை. கதவு மூடிவிட்டது. உள்ளே மாட்டிக்கொண்ட கார்பன் வரிசையையே ஒரு பக்கமாக நீட்டிவிடுகிறது. பஸ்ஸில் ஒருத்தரும் அசைய முடியாது. அந்த அசைய முடியாமைதான் கெட்டித்தன்மை. அடித்தால் நெளியாது, உடையும்.

எங்கள் ஊர்க் கொல்லர் பட்டறையில் அரிவாளுக்குத் தோய்ச்சல் போடுவதைச் சின்ன வயசில் பார்த்திருக்கிறேன். தண்ணீரில் தோய்த்த பிறகு விளிம்பைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, மறுபடி லேசாகக் காட்டுவார். வைக்கோல் நிறம் வரும், அப்புறம் பழுப்பு, அப்புறம் ஊதா, நீலம். வைக்கோல் நிறம் என்றால் ஏறக்குறைய 220 டிகிரி, நீலம் என்றால் 300 பக்கம். எந்த நிறத்தில் எடுக்கணும் என்பது அவருக்குத் தெரியும். அதைத்தான் நாம் 'டெம்பரிங்' என்று பதினாறு மார்க்குக்கு எழுதுகிறோம். அவர் பக்கத்தில் பத்து வருஷம் நின்ற பையன் நான், அரியர் வைத்தேன்.

சரி, போல்ட்டுக்கு வருகிறேன்.

2011ல் படிப்பு முடிந்து சென்னையை ஒட்டிய ஒரு தொழிற்சாலையில் டிசைன் பிரிவில் சேர்ந்தேன். இயந்திரங்கள் கட்டித் தரும் கம்பெனி. பெயர் வேண்டாம். 2013 மழைக்காலத்தில் ஒரு புகார் வந்தது: இயந்திரங்களில் போடுகிற கறுப்பு ஆலன் போல்ட்டெல்லாம் கஸ்டமர் இடத்துக்குப் போவதற்குள் துருப்பிடிக்கிறது, பார்க்க அசிங்கமாக இருக்கிறது. என்னிடம் கொடுத்தார்கள். நான் ஐந்து நிமிஷத்தில் தீர்த்தேன். கறுப்புக்குப் பதில் ஜிங்க் பிளேட்டிங். டிராயிங் திருத்தத்தில் கையெழுத்து என்னுடையது. வெள்ளி மாதிரி மின்னின. எல்லோரும் பாராட்டினார்கள்.

அந்த போல்ட்டின் தலையில் 12.9 என்று அடித்திருக்கும். தம்பிகளே, இதையாவது இன்று தெரிந்துகொண்டு போங்கள். முதல் எண்ணை நூறால் பெருக்கினால் 1200; அது மெகாபாஸ்கலில் அதன் இழுவலிமை. இரண்டாவது எண், அதில் பத்தில் ஒன்பது பங்கு வரை இழுத்தாலும் நிரந்தரமாக நீளாது என்று சொல்கிறது. எம் 12 அளவில் ஒரு போல்ட் அறுபட ஏறக்குறைய பத்து டன் வேண்டும். நாங்கள் அதைக் கொண்டு பிடித்து வைத்தது நாற்பது கிலோ தகடு. போல்ட் நாலு. கணக்குப் போட்டுப் பாருங்கள், யானையைக் கட்டுகிற சங்கிலியில் ஆட்டுக்குட்டி.

பிளேட்டிங் போடுகிற கடைக்காரர் முதல் லாட் முடிந்ததும் எனக்கு போன் பண்ணினார். "சார், இது கெட்டி போல்ட்டா இருக்கே, பேக்கிங் வேணுமா?"

நான் சொன்னேன், "அதெல்லாம் வேண்டாங்க, சாக்கிலேயே கட்டி அனுப்பிடுங்க."

நீங்கள் சிரிக்கிறீர்கள். அப்போது எனக்கும் அதில் எந்தச் சந்தேகமும் வரவில்லை. அவர் கேட்டது அடுப்பில் வைத்துச் சூடுபடுத்துகிற பேக்கிங். நான் பதில் சொன்னது அட்டைப்பெட்டியில் கட்டுகிற பேக்கிங்குக்கு. அவரும் "சரி சார்" என்று வைத்துவிட்டார்.

ஒரு சனிக்கிழமை எங்கள் ஃபிட்டர் அந்தப் போல்ட்டுகளை மாட்டினார். ஐம்பதைத் தாண்டியவர், எல்லோரும் மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவோம். டார்க் ரென்ச் வைத்து, கொடுத்த அளவுக்கு இறுக்கினார். திங்கட்கிழமை காலையில் என் மேஜைக்கு வந்தார். உள்ளங்கையில் ஒரு போல்ட்டின் தலை மட்டும் இருந்தது.

"சார், இது தானா கழண்டு கீழ கிடக்கு. யாரும் தொடல."

"ஒரு பீஸ் டிஃபெக்டா இருக்கும் மேஸ்திரி. வேற ஒண்ணு போட்டு இறுக்கிடுங்க" என்றேன். அவர் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு போய் அதே சாக்கிலிருந்து இன்னொன்றை எடுத்து மாட்டினார்.

புதன்கிழமை இரவு ஷிஃப்டில் இன்னும் இரண்டு தலைகள் போயின. தகடு ஒரு பக்கமாகத் தொங்கி, அடுத்த போல்ட்டையும் பிய்த்துக்கொண்டு, கீழே வேலை பார்த்துக்கொண்டிருந்த மேஸ்திரியின் இடது கால்மேல் விழுந்தது. இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று.

விசாரணை நடந்தது. அளவுக்கு மீறி இறுக்கியதால் போல்ட் அறுந்தது, தொழிலாளியின் கவனக்குறைவு என்று எழுதினார்கள். மேஸ்திரிக்கு மெமோ. அந்த அறையில் நானும் இருந்தேன். எனக்கு அது நியாயமாகவே பட்டது. பொய் சொல்ல விரும்பவில்லை; எனக்கு அது நிம்மதியாகவும் இருந்தது.

ஆனால் மூன்று தலைகளை நான் மேஜை டிராயரில் வைத்திருந்தேன். ஏன் வைத்தேன் என்று தெரியவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி இங்கே வந்தேன். சார் அப்போது குவார்ட்டர்ஸில் குடியிருந்தார். லுங்கியோடு வெளியே வந்து, "ஐம்பத்து நாலா, வா" என்றார். அரியர் மார்க்கைக்கூட ஞாபகம் வைத்திருந்தார்.

தலையைக் கையில் வாங்கி லென்ஸ் வைத்துப் பார்த்தார். அவர் கேட்ட முதல் கேள்வி போல்ட்டைப் பற்றியது அல்ல. "எப்ப அறுந்துச்சு? இறுக்கும்போதா, அப்புறமா?"

"அப்புறம் சார். ரெண்டு நாள் கழிச்சு."

"அப்ப இறுக்கின ஆள் மேல தப்பு இல்ல."

அவ்வளவு சுருக்கமாகச் சொன்னார். அதிகம் இறுக்கினால் இறுக்குகிற கையிலேயே அறும். முறுக்கிய தடம் இருக்கும். இது சும்மா இருந்தபோது அறுந்திருக்கிறது. உடைந்த முகத்தில் சின்னச் சின்னப் புள்ளிகளாகப் பளபளப்பு. பெரிய எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் கற்கண்டை உடைத்த மாதிரி தெரியும் என்றார்; அது நம் கல்லூரியில் இல்லை. "பிளேட்டிங் போட்டீங்களா? ஆசிட்ல கழுவினாங்களா? பேக் பண்ணினாங்களா?" என்று வரிசையாகக் கேட்டார். மூன்றாவது கேள்வியில்தான் எனக்கு அந்த போன் ஞாபகம் வந்தது. திண்ணையில் உட்கார்ந்துவிட்டேன்.

விஷயம் இதுதான். துருவை எடுக்க அமிலத்தில் கழுவும்போதும், மின்சாரம் பாய்ச்சி ஜிங்க் ஏற்றும்போதும் எஃகின் மேல் ஹைட்ரஜன் உண்டாகிறது. பெரும்பகுதி குமிழியாகப் போய்விடும். கொஞ்சம் தனித்தனி அணுவாக உள்ளே நுழைந்துவிடும். மிகச் சின்ன அணு அது. கார்பன் நகர முடியாத அதே நெரிசலில், கூட்டத்தில் கால்களுக்கு நடுவே நுழைந்து ஓடுகிற சின்னப் பையன் மாதிரி இது நடந்து போகும். ஜிங்க் பூச்சு மேலே மூடியிருப்பதால் சுலபமாக வெளியேறவும் முடியாது. எங்கே இழுவை அதிகமோ அங்கே போய்ச் சேரும். போல்ட்டில் அது தலைக்கு அடியிலும், நட்டுக்குள் நுழைகிற முதல் மரையிலும். சேர்ந்து, துகள்களுக்கு நடுவே உள்ள பிடிப்பைத் தளர்த்திவிடும். போய்ச் சேர நேரம் வேண்டும். அதனால்தான் இரண்டு நாள்.

நாற்பது கிலோ தகடு என்ன செய்யும் என்று நான் கேட்டேன். "தகடு எதுக்குய்யா, நீ இறுக்கினியே, அதுவே ஆறு டன்" என்றார். எனக்கு அது அதுவரை தோன்றவே இல்லை. போல்ட் சுமக்கிற சுமையில் பெரியது நாம் இறுக்குகிற இறுக்கம்தான். ஆட்டுக்குட்டியைப் பற்றி மட்டும் கணக்குப் போட்டிருந்தேன்.

இன்னொரு வேடிக்கை. 8.8 போல்ட்டாக இருந்திருந்தால் அநேகமாக ஒன்றும் ஆகியிருக்காது. எஃகு எவ்வளவு கெட்டியோ, ஹைட்ரஜனுக்கு அவ்வளவு சீக்கிரம் பலியாகும். 'பலமானதைப் போட்டுவிட்டோம், கவலையில்லை' என்று நாம் இருக்கிற இடத்தில்தான் அது வேலை செய்கிறது.

இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. அமிலத்தில் ஊறிய இரும்பு நொறுங்குவதையும், அதை ஒடித்து நனைத்தால் குமிழி வருவதையும் ஜான்சன் என்பவர் 1875லேயே எழுதி வைத்துவிட்டார். எங்கள் விபத்து நடந்த அதே 2013ன் மார்ச் மாதம், சான்ஃபிரான்சிஸ்கோ–ஓக்லண்ட் பாலத்தின் புதுப் பகுதியில் மூன்று அங்குலத் தடிமனுள்ள, துத்தநாகம் பூசிய நங்கூரக் கம்பிகள் 96ஐ இழுத்து இறுக்கினார்கள். சில நாட்களுக்குள் 32 அறுந்தன. அங்கேயும் ஹைட்ரஜன்தான். சார் இதைச் சொல்லிவிட்டு, "பெரிய ஆளுங்களும் அரியர் வைக்கிறாங்க" என்றார்.

நான் நம்பிவிட்டேன், ஆனால் சார் விடவில்லை. "நான் சொல்றது அபிப்பிராயம். உங்க கம்பெனிக்கு அபிப்பிராயம் போதாது" என்றார். அடுத்த வாரம் அதே சாக்கிலிருந்து ஐந்து போல்ட்டும், ஸ்டோர்ஸில் மிச்சமிருந்த பழைய கறுப்பு போல்ட் ஐந்தும் கொண்டுவந்தேன். மெட்டீரியல்ஸ் லேபில், தலைக்கு அடியில் சாய்வான வாஷர் வைத்து, எல்லாவற்றையும் ஒரே அளவுக்கு இறுக்கி வைத்தோம். சாய்வு வைத்தால் தலையின் ஒரு பக்கம் கூடுதலாக இழுக்கும். குற்றவாளி சீக்கிரம் வெளியே வருவான். நாற்பத்தெட்டு மணி நேரம். லேப் அசிஸ்டெண்ட் அண்ணன் இரவு பத்தேகாலுக்கு என் அறைக்கு போன் பண்ணினார்: "தம்பி, ஒண்ணு டப்புன்னுச்சு." ஜிங்க் போட்ட ஐந்தில் மூன்று போயின. கறுப்பில் ஒன்றும் போகவில்லை.

கடிதம் எழுதினேன். டிராயிங் திருத்தம் என்னுடையது, பேக்கிங் வேண்டாம் என்றது நான், முதல் தலை விழுந்தபோது மறுபடி மாட்டச் சொன்னதும் நான் என்று. எழுதியது ஒரு மணி நேரம். கொடுக்க நான்கு நாள் ஆயிற்று. அந்த நான்கு நாளும் அது என் பையில் டிபன் பாக்ஸுக்கு அடியில் இருந்தது. மேலாளர் படித்துவிட்டு, "உன் கையெழுத்து இருக்கிற பேப்பரை நீயே எடுத்து நீட்டுறியே தம்பி" என்றார். கோபமாகக்கூட இல்லை, பரிதாபமாகக் கேட்டார். மெமோவைத் திரும்பப் பெற்றார்கள். இழப்பீட்டு விண்ணப்பத்தில் 'கவனக்குறைவு' என்ற வரியை அடித்தார்கள். எனக்கு அந்த வருஷம் இன்க்ரிமென்ட் இல்லை, அது பெரிய விஷயமும் இல்லை.

மேஸ்திரி மூன்று மாதம் கழித்து வேலைக்கு வந்தார். ஸ்டோர்ஸில் உட்கார்ந்து பார்க்கிற வேலை கொடுத்திருந்தார்கள். போய் எல்லாவற்றையும் சொன்னேன். ஹைட்ரஜன், அமிலம், பேக்கிங் எல்லாம். பொறுமையாகக் கேட்டார்.

"சார், நான் அதிகமா இறுக்கலன்னு அன்னைக்கே சொன்னேன்ல" என்றார்.

சொல்லியிருந்தார். விசாரணை அறிக்கையின் இரண்டாம் பக்கத்திலேயே அது இருக்கிறது.

ஊருக்குப் போனபோது பழைய பெட்டியில் என் அரியர் கேள்வித்தாளைத் தேடி எடுத்தேன். பத்து இரண்டு மார்க் கேள்விகள், ஐந்து பதினாறு மார்க் கேள்விகள். அந்தப் பத்தில் ஏழாவது: ஹைட்ரஜன் எம்பிரிட்டில்மென்ட் என்றால் என்ன? அதற்கு நேராகப் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டிருக்கிறேன். விட்டுவிட்டேன் என்று அர்த்தம்.

இப்போது நான் வேறொரு கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறேன். 12.9 போல்ட்டுக்கு மின்பூச்சு கேட்டு வருகிற டிராயிங்குகளைத் திருப்பி அனுப்புவேன். துரு வரக்கூடாது என்றால் மின்சாரம் இல்லாமல் ஏற்றுகிற ஜிங்க் ஃப்ளேக் பூச்சு இருக்கிறது, விலை கூடுதல். மற்றக் கெட்டி உதிரிகளுக்கு மின்பூச்சு தவிர்க்க முடியாதபோது ஆர்டரில் ஒரு வரி சேர்ப்பேன்: பூச்சு முடிந்த நாலு மணி நேரத்துக்குள் அடுப்பில் ஏற்றி, 200 டிகிரி பக்கம், குறித்த மணிக்கணக்கு வரை சூட்டில் வைக்கவும். ஹைட்ரஜன் அலைந்து திரிந்து ஆபத்தில்லாத இடத்துக்குப் போகவோ வெளியேறவோ அதுதான் அவகாசம். 'பேக்கிங்' என்ற சொல்லை மட்டும் எழுத மாட்டேன். 'அடுப்பில் சூடுபடுத்தவும்' என்று தமிழிலேயே எழுதுவேன். புதிதாக வந்த பையன் ஒருவன், "என்ன சார் சமையல் குறிப்பு மாதிரி இருக்கு" என்றான்.

அந்த மூன்று தலைகளும், லேபில் அறுந்த மூன்றும் சேர்த்து ஆறு, மெட்டீரியல்ஸ் லேபில் ஜன்னலோரக் கண்ணாடி அலமாரியில், இரண்டாம் தட்டில் இருக்கின்றன. சீட்டு எதுவும் ஒட்டவில்லை. சார் ஒட்ட வேண்டாம் என்றுவிட்டார், கேட்கிறவனுக்குச் சொன்னால் போதும் என்று. சாவி லேப் அசிஸ்டெண்ட் அண்ணனிடம் இருக்கிறது. அவர் இன்று பந்திக்குப் பரிமாறுகிறார், அதனால் பார்க்க விரும்புகிறவர்கள் சாப்பாட்டுக்குப் பிறகு கேளுங்கள்.